மேசையைத் தட்டிய கை

பாறையடிச் சாமியின் சீடர்களில் கலிவரதன் ஒருவர்தான் எம்.எல்.ஏ. அன்று மனைவி அஞ்சலாட்சியோடு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"எங்க நெடுவாக்கம் ஏரியைத் தூர்த்து ஆலை கட்டப் போறாங்க சாமி. நாளைக்குச் சட்டசபையில மசோதா. ஏரி போச்சுன்னா ஊரே பொழப்பத்துப் போகும்."

"எதிர்த்து ஓட்டுப் போடு."

"ஆதரிக்கணும்னு கொறடா உத்தரவு. மீறினா பதவி போயிடும். கட்சி சொல்றதைக் கேக்கறதா, மனசு சொல்றதைக் கேக்கறதா? தூக்கமே இல்ல சாமி."

சாமி எழுந்தார். சாப்பாட்டுக் கூடத்து மேசையைக் காட்டினார்.

"அங்க உக்காரு. அதுதான் உன் சபை. நான் அமைச்சர். நான் பேசறேன், நீ வழக்கமா எப்படி இருப்பியோ அப்படி இரு."

கலிவரதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தார். மற்றச் சீடர்கள் நாங்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டோம்.

சாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பேரவைத் தலைவர் அவர்களே! எங்கள் தலைவர், மக்கள் மாமணி அவர்களின் பொற்கால ஆட்சியில்..."

தட் தட் தட். கலிவரதன் மேசையைத் தட்டினார். தலைவரின் பட்டம் காதில் விழுந்தால் தட்ட வேண்டும் என்பது அவர்கள் கட்சி வழக்கம். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"...ஏழைகளின் கண்ணீரைத் துடைத்த மக்கள் மாமணி..."

தட் தட் தட். நாங்கள் சிரித்தோம்.

"...நெடுவாக்கம் ஏரியைத் தூர்க்க மக்கள் மாமணி..."

தட் தட் தட். எங்களில் பாதிப் பேருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

சாமியின் குரல் மாறவே இல்லை. "அந்த ஏரிக்கரையில் புதைத்திருக்கும் உறுப்பினர் கலிவரதனின் தாயார் தனக்கோட்டி அம்மாளைத் தோண்டி எடுத்து, குப்பை லாரியில் ஏற்ற ஆணையிட்ட மக்கள் மாமணி..."

தட் தட் தட்.

"என்னங்க!" அஞ்சலாட்சி அலறிவிட்டாள். "அத்தையைத் தோண்டச் சொல்றாரு. நீங்க தட்டறீங்களே!"

கலிவரதனின் கை அப்படியே நின்றது. அவர் தன் கையையே பார்த்தார். யாருடைய கை இது என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"சத்தியமா காதுல விழல சாமி." "எங்கம்மா பேரு... எனக்குக் கேக்கவே இல்ல."

சாமி செம்பில் தண்ணீர் எடுத்து நீட்டினார். கலிவரதன் அதை வாங்கவில்லை.

மேசையை விட்டு எழுந்து கேட்டார்: "நாளைக்கு நான் என்ன பண்ணட்டும் சாமி? கட்சியா, மனசா? நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்க."

"ரெண்டு தரப்பும் வந்தா பஞ்சாயத்துப் பண்ணலாம்" என்றார் சாமி. "உன் தரப்புலேருந்து இன்னும் யாரும் வரலையேப்பா."