சப்ரஸ் என்பதற்குத் தமிழ்

மலையடிவாரத்து மடத்தில், ஞானசுந்தரி அம்மையாரின் சீடர்களிலேயே மூத்தவர் சிவக்கொழுந்து. குருவைவிட இருபது வயது பெரியவர். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பந்தியில் கடைசி இலை அவருடையது. அவருக்குக் கடிதம் வந்ததில்லை. அவரும் யாரைப் பற்றியும் பேசியதில்லை.

மடத்துக்காக ஓர் ஆங்கில நூலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். நாளுக்கு நான்கு பக்கம் ஓடிய கை, ஒரு சொல்லில் மூன்று நாள் நின்றுவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார்.

“சப்ரஸ்னு ஒரு வினைச்சொல் அம்மா. கலகத்தைச் சப்ரஸ் பண்ணினா ஒடுக்கினாங்கன்னு எழுதுவேன். சாட்சியத்தைப் பண்ணினா மறைச்சாங்க. இருமலைப் பண்ணினா அடக்கினாங்க. முப்பது வருஷத்துல இதுல தடுமாறினதே இல்லை.”

“இங்கே எதைப் பண்றாங்க?”

“துக்கத்தை.”

“அடக்கினான்னு எழுதலாமே.”

“பணிவும் அடக்கம்தான், பொணத்தைப் புதைக்கிறதும் அடக்கம்தான். படிக்கிறவன் எதுன்னு எடுத்துப்பான்?”

குரு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க அதைச் செஞ்சிருக்கீங்களா ஐயா?”

சிவக்கொழுந்து தாளை மடித்தார். மறுபடி பிரித்தார்.

“ஒரு கொலை வழக்கு. செத்தவனோட அம்மா கூண்டுல நின்னு சாட்சி சொல்லிட்டிருந்தா. நடுவுல எனக்கொரு சீட்டு வந்தது. என் பொண்ணு பிரசவத்துல இறந்துட்டதா எழுதியிருந்தது. படிச்சிட்டுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். அந்த அம்மா அழ ஆரம்பிச்சா. ‘சாட்சி அழுகிறார்’னு ஆங்கிலத்துல சொன்னேன். குரல் பிசகலை. விசாரணை முடிஞ்ச பிறகுதான் கிளம்பினேன். கல்லு மாதிரி நின்னீங்கன்னு நீதிபதி பாராட்டினார்.”

“எத்தனை வருஷமாச்சு?”

“பதினொண்ணு.”

“பொண்ணு பேர் என்ன?”

அவர் வாயைத் திறந்தார். ஏதோ மேலேறி வந்து தொண்டையில் நின்றது. எச்சிலைக் கூட்டி விழுங்கினார்.

“அது இப்ப எதுக்கும்மா? சொல்லுக்கு அர்த்தம் கேக்கத்தான் வந்தேன்.”

“இப்ப ஒண்ணு செஞ்சீங்களே ஐயா, அதான் அர்த்தம்.”

சிவக்கொழுந்து தலை நிமிரவில்லை. கொல்லையில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. அதுவும் நின்றது. குரு எழுந்து வந்து அவருக்கு நேரெதிரே, முழங்கால் இடிக்கும் அளவு நெருங்கி உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து சிவக்கொழுந்தின் உதடு பிரிந்தது.

“மரகதம்.”

அந்தக் குரலை அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

குரு அவர் கையிலிருந்த தாளை மெல்ல வாங்கிக் கீழே வைத்தார்.

“காதுல விழலை ஐயா. இன்னொரு தடவை சொல்லுங்க.”