தோசைக்கல்லின் கருப்பு

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டிபன் கடை இருந்தது. அந்தக் கடையில் ஒரு தோசைக்கல் வேலை பார்த்துவந்தது. கனத்த இரும்புக்கல். வருஷக்கணக்காக எண்ணெய் குடித்துக் கன்னங்கரேலென்று இருந்தது. அந்தக் கருப்பில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பளபளவென்று நிற்கும் இட்லிப் பானையைப் பார்த்தால், "வேலை செய்யாத உடம்பு" என்று முணுமுணுக்கும்.

அந்தக் கல்லுக்கு ஒரு நாள் காலையில் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை.

நடந்தது இதுதான். கடையின் தோசை மாஸ்டர் மதுரைப் பக்கம் ஒரு பெரிய ஓட்டலுக்குப் போய்விட்டார். பின்கட்டில் மாவு ஆட்டி, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த முத்துச்செல்வி முதலாளியிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு நாள் என்னைக் கல்லுல நிக்க விடுங்க."

முதலாளி தங்கராசு அண்ணாச்சி காதைச் சொறிந்துகொண்டே யோசித்தார். "சரிம்மா, நாளைக்கு நில்லு. காலைக் கூட்டம் முடிஞ்சதும் நான் சாப்பிட்டுப் பாக்கேன். நல்லா இருந்தா நீதான் மாஸ்டர். இல்லேன்னா பழைய வேலையையே பாரு. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத."

செல்விக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவள் செய்த முதல் காரியம், கல்லைக் கீழே இறக்கிச் சோப்புத் தூளும் கம்பி நாரும் போட்டுக் கருப்பெல்லாம் போகும்வரை தேய்த்ததுதான். வீட்டில் அவளிடம் இருப்பது நான்ஸ்டிக் தவா. இரும்புக்கல்லோடு அவளுக்குப் பழக்கமே இல்லை. பல வருஷம் பாத்திரம் தேய்த்த கைக்கு, மரியாதை செய்ய வேறு வழியும் தெரியவில்லை.

மறுநாள் காலை அடுப்பில் ஏறியதும் கல் தன்னைப் பார்த்துக்கொண்டது. முதல்முறையாக மொட்டையடித்த தலைபோல் வெளிறிக் கிடந்தது.

"என் தோலை உரிச்சிட்டா" என்றது கல். "இவ ஊத்துற ஒரு தோசையையும் நான் விடப் போறதில்லை."

"நல்லதாப் போச்சு" என்றது பக்கத்தில் கிடந்த தோசைத்திருப்பி. சண்டை என்றால் அதற்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. "நீ பிடிச்சுக்கோ, நான் பேத்து எடுக்கேன். யாரு ஜெயிக்காங்கன்னு பாப்போம்."

கல்லில் எண்ணெய் தேய்க்க முள்கரண்டியில் குத்தி வைத்திருந்த பாதி வெங்காயம் மட்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

செல்வி சாமியைக் கும்பிட்டுவிட்டு முதல் தோசையை ஊற்றினாள். சுற்றிலும் எண்ணெய் விட்டாள். ஓரம் சிவந்தது. எடுக்கப் போனால் வரவில்லை. தோசைத்திருப்பி சுரண்டியது, கல் விடவில்லை, நடுவில் அகப்பட்ட தோசை நாலு துண்டானது. இரண்டாவதும் அப்படியே. பயந்துபோய்த் தீயைக் கூட்டினாள். மூன்றாவது தோசை கருகிக்கொண்டே ஒட்டிக்கொண்டது. கல்லாவில் இருந்த அண்ணாச்சி எட்டிப் பார்த்தார், மறுபடி சில்லறை எண்ணத் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று செல்விக்கு இருந்தது.

வேறு வழியில்லாமல், கருகாத துண்டுகளை ஒரு தட்டில் வைத்து, தோசைக்குக் காத்திருந்த ராஜபாளையம் வண்டிக் கண்டக்டரிடம் கொண்டுபோனாள்.

"கிழிஞ்சு போச்சுண்ணே. கோவிச்சுக்காதீங்க. வேற போட்டுத் தாரேன்."

கண்டக்டர் ஒரு துண்டைச் சட்னியில் தொட்டு வாயில் போட்டார். "எதுக்கு வேற? நீ கிழிக்கலேன்னா நான் கிழிக்கத்தானே போறேன். மாவு பிரமாதம், தங்கச்சி. உப்பும் புளிப்பும் அளவா நிக்குது. யாரு ஆட்டினது?"

"நாந்தாண்ணே."

"அப்புறம் என்ன? கஷ்டமான வேலையை முடிச்சிட்டே. மெதுவாப் போடு, எனக்கு வண்டி கிளம்ப நேரம் இருக்கு."

செல்வி சிரித்துவிட்டாள். காலையிலிருந்து கூடவே இருந்த பயம் அந்தச் சிரிப்போடு இறங்கியது. அந்த மாவை அவள் எத்தனை விடியற்காலைகளில் ஆட்டியிருப்பாள், ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முன்பின் தெரியாத மனுஷன் சொல்லிவிட்டார். அவர் நல்லா இருக்கணும் என்று மனசார நினைத்துக்கொண்டே அடுப்புக்குத் திரும்பினாள்.

அடுப்பும் அதேதான், கல்லும் அதேதான். ஆனால் பயந்துகொண்டு பார்த்தபோது தெரியாதது இப்போது தெரிந்தது. கல் வெளுத்து, வறண்டு கிடந்தது. எண்ணெய்ப் பசையே இல்லை. மாஸ்டர் இருந்தபோது கல் இப்படி இருந்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. பளிச்சென்று புரிந்துவிட்டது.

"தப்பு உம்மேல இல்லை" என்று கல்லிடம் சொன்னாள். "அழுக்குன்னு நினைச்சு நாந்தான் தேய்ச்சு எடுத்துட்டேன். பொறுத்துக்க." தீயைக் குறைத்தாள். ஒட்டியிருந்ததை மெதுவாகத் துடைத்தாள். கொஞ்சம் எண்ணெய் விட்டு, வெங்காயத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

எண்ணெய் கல்லின் மேல் பரவியது.

"கிட்ட வராத" என்றது கல். "எனக்கு யாரு தயவும் வேண்டாம். நான் இரும்பு."

"இரும்பாத்தான் வந்தே" என்றது எண்ணெய். "இந்தக் கடைக்கு வந்த புதுசுல நீ கிழிச்ச தோசையெல்லாம் ஞாபகம் இருக்கா?"

கல்லுக்கு ஞாபகம் இருந்தது.

"கிழிஞ்சாலும் ஒவ்வொரு தோசையும் என்னைக் கொஞ்சம் உங்கிட்ட விட்டுட்டுத்தான் போச்சு. அப்படிச் சேர்ந்ததுதான் அந்தக் கருப்பு. என் தோல், என் தோல்னு சொல்லுதியே, அது வந்து போனவங்க குடுத்தது."

"அதுக்காக இவ செஞ்சது சரியாயிடுமா?"

"சரின்னு யாரு சொன்னா? தப்புன்னு அவளே சொல்லிட்டா."

"என்னையும் கொஞ்சம் பாரு" என்றது வெங்காயம், கல்லின் மேல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே. "பாதியா வெட்டிக் குத்தி வச்சிருக்காங்க. கோவப்பட உன்னைவிட எனக்குத்தான் காரணம் அதிகம். ஆனா கோவத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா வேலை ஓடலையே, என்ன செய்ய?"

கல்லுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாது என்று இருந்தும் வந்துவிட்டது.

பிறகு அது யோசித்தது. விடிந்ததிலிருந்து போன கருப்பை நினைத்துப் பொருமிக்கொண்டிருந்ததே தவிர, கருப்பைக் கொடுத்தவர்களை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. புதுசில் அது கிழித்துக் கொடுத்ததையெல்லாம் முகம் சுளிக்காமல் தின்றுவிட்டு மறுநாளும் வந்த டிரைவர்கள், பிய்ந்துபோன தோசைகளைத் தன் தட்டுக்கு ஒதுக்கிக்கொண்டு நல்லதைக் கூட்டத்துக்கு அனுப்பிய மாஸ்டர், எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள். நினைக்க நினைக்க இரும்புக்குள்ளே ஏதோ இளகியது. எண்ணெயை உள்ளே விட்டது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லு" என்றது, குரலைத் தாழ்த்தி.

அடுத்த தோசையின் ஓரம் கிளம்பியது. நடுவில் கொஞ்சம் பிடித்தது, பிறகு விட்டது. அதற்கடுத்தது முழுசாக வந்தது. கண்டக்டர் அதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "பாத்தியா?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டிக்கு ஓடினார்.

அதற்குள் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கூட்டம் அள்ளியது. செல்வி ஊற்றிக்கொண்டே இருந்தாள். பயம் போன கைக்குத் துணிச்சல் வந்தது. மெல்லிசாக இழுத்துப் பார்த்தாள், வந்தது. குழந்தைக்கென்று ஒருத்தி கேட்க, உள்ளங்கை அளவில் குட்டி தோசை ஊற்றினாள், அதுவும் வந்தது. ஒவ்வொரு தோசையும் போகும்போது துளி எண்ணெயை விட்டுவிட்டுப் போனது. முன்பெல்லாம் கல் அதைக் கவனித்ததே இல்லை. இன்றைக்கு ஒவ்வொரு துளியையும் தெரிந்து வாங்கி வைத்துக்கொண்டது. இரும்புக்கு நன்றி சொல்லத் தெரியாது. அடுத்த தோசையை நல்லபடியாக விட்டது.

திருப்பிதான் பாவம், செய்ய ஒன்றுமில்லாமல் அலுத்துப்போனது.

கூட்டம் வடிந்ததும் அண்ணாச்சி கைகழுவிவிட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு தோசை போடும்மா. டாக்டர் எண்ணெயே தொடக்கூடாதுன்னுட்டாரு. ஒரு சொட்டுகூட விடாம போடு."

செல்விக்கு எண்ணெய் விட்டும் ஒட்டிக் கிழிந்த காலைத் தோசைகள் கண்முன் வந்தன. இத்தனை நேரம் போட்டது போகட்டும், அவள் மாஸ்டரா, பின்கட்டா என்பது இந்த ஒரு தோசையில்தான் இருக்கிறது. எண்ணெய்க் கிண்ணத்தின் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டாள். அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்காக இல்லை. சாப்பிடுகிறவர் உடம்பு அது.

"நான் இப்போ வர முடியாதே" என்றது கிண்ணத்திலிருந்த எண்ணெய், கவலையோடு.

"நான் இருக்கேன்" என்று தோசைத்திருப்பி எழுந்தது. "சுரண்டி எடுத்துருவோம்."

"நீ சும்மா இரு" என்றது கல்.

செல்வி மாவை ஊற்றிச் சுழற்றினாள். தீயைக் கூட்டவில்லை. காத்திருந்தாள். மாவின் ஈரம் வற்றியது. துளைகள் விழுந்தன.

ஓரம் லேசாக எழும்பியது. பிறகு சுற்றிலும் எழும்பியது. திருப்பியை அடியில் கொடுத்ததுதான் தாமதம், தோசை முழுவட்டமாகக் கையோடு வந்தது.

அண்ணாச்சி பிட்டுச் சாப்பிட்டார். முழுசையும் முடித்துவிட்டு, "இன்னொண்ணு போடு" என்றார். அதையும் முடித்தார். எழுந்து கைகழுவப் போகிறவர் பாதியில் நின்று, "நாளையில இருந்து நீதாம்மா கல்லுல. பின்கட்டுக்கு வேற ஆள் பாக்கேன்" என்றார்.

செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையை ஆட்டினாள். அடுப்பை அணைத்தாள். சூடு அடங்கியதும் உலர்ந்த துணியால் கல்லைப் பூப்போலத் துடைத்தாள். சோப்புப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அவள் போனபிறகு தோசைத்திருப்பி கேட்டது:

"ஒரு சொட்டு எண்ணெய்கூட ஊத்தலையே. அண்ணாச்சி தோசையை எப்படி விட்டே?"

"அவருக்கு ஊத்தலை" என்றது கல். "அவருக்கு முன்னாடி வந்து சாப்பிட்டுப் போனவங்களுக்கெல்லாம் ஊத்தினாளே."