சுக்கான் பிடித்தவன் சொல்லாமல் விட்டது

கேளுங்கள் பெரியோரே, பிள்ளைகளே. கடல் இப்போது நிற்கும் இடத்துக்கு வெகு அப்பால் நின்ற காலத்தில் பவழத்துறை என்றொரு பட்டினம் இருந்தது. அங்கே திரையப்பன் என்றொரு மாலுமி இருந்தான்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம். கப்பல் கிளம்புமுன் மாலுமி எல்லார் முன்னாலும் நின்று, "நான் விழுந்தால் சுக்கானை இவன் பிடிப்பான்" என்று ஒருவனைக் கைகாட்ட வேண்டும். காட்டாமல் நங்கூரம் எடுக்கக் கூடாது. திரையப்பன் ஒருமுறையும் தவறியதில்லை. கடலில் அவ்வளவு விவரம். வீட்டுக்கு வந்தால் அந்த விவரம் செருப்போடு வாசலிலேயே நின்றுவிடும்.

தலை நரைத்ததும் மனைவி வெள்ளையம்மை கேட்டாள்: "ஏங்க, கைகால் ஓய்ந்துபோனால் எங்கே இருக்கப் போகிறீர்கள்? பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்."

"அச்சானியமாகப் பேசாதே. விளக்கு வைக்கிற நேரம்."

முழங்கால் வீங்கியபோது வைத்தியர் கேட்டார்: "மாலுமியாரே, படுத்துவிட்டால் எதுவரைக்கும் மருந்து கொடுக்கலாம், எதுவரைக்கும் கஞ்சி ஊற்றலாம்?"

"வைத்தியரே, பிழைக்கவைக்க வந்தீரா, பாடை கட்ட வந்தீரா?"

ஒரு சாவு வீட்டிலிருந்து திரும்பும் வழியில் கூட்டாளி கேட்டான்: "உன் விருப்பம் என்னப்பா?"

"குளித்துவிட்டுப் பேசுவோம்."

குளித்தான். பேசவில்லை.

வெள்ளையம்மைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "துறையில் ஊரே பார்க்க நின்று 'நான் விழுந்தால்' என்கிறீர்களே, அப்போது அச்சானியம் கடலில் குதித்துவிடுகிறதா?"

"அது தொழில்டி" என்றான் அவன்.

ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். உயிர் இருந்தது. ஒரு பக்கம் செயலற்றுப்போனது. நாக்கு எழவில்லை.

பிள்ளைகள் மூவரும் ஓடிவந்தார்கள். மூவரும் நல்லவர்கள், அதுதான் தொல்லை. "அப்பாவுக்கு இனி உப்புக்காற்று ஆகாது" என்று மூத்தவன் உள்நாட்டில் இருந்த தன் வீட்டுக்குத் தூக்கிப்போனான். "கஞ்சி உள்ளே போனால்தான் தேறுவார்" என்று மகள் வாயைப் பிளந்து ஊற்றினாள். "அப்பா எங்கே திரும்பி வரப்போகிறார்" என்று இளையவன் பெற்றோர் குடியிருந்த துறையோரத்து வீட்டை உப்பு வணிகருக்குக் கிடங்காக விட்டான்.

"அவரைக் கேளுங்களடா!" என்றாள் வெள்ளையம்மை.

"இந்த நிலையில் அதையெல்லாம் கேட்பதா அம்மா? அச்சானியம்!"

அப்பன் பிள்ளைகள்தான், சந்தேகமில்லை.

அவள் கதவைச் சாத்திவிட்டுக் கணவன் அருகே குனிந்தாள். "ஆமாம் என்றால் கண்ணை மூடித் திறங்கள். மூத்தவன் வீட்டிலேயே இருப்பதா?" கண் அசையவில்லை. "மகளோடு போவதா?" அசையவில்லை. "நம் வீட்டில், கடல் தெரிகிற அறையிலா?"

மூடித் திறந்தான். மறுபடி மூடித் திறந்தான். நிறுத்தவே இல்லை.

அந்த அறையிலோ உத்தரம்வரை உப்பு மூட்டை. அவள் வெளியே வந்து சொன்னதும் பிள்ளைகள் அழுதுகொண்டே ஓடினார்கள். மூட்டைகளை இறக்கி, தரையைக் கழுவி, வண்டி கட்டுவதற்குள் மாலுமி மூத்தவன் வீட்டுச் சுவரைப் பார்த்தபடியே போய்விட்டான்.

காரியங்கள் முடிந்ததும் வெள்ளையம்மை பிள்ளைகளை உட்காரவைத்தாள். "நாக்கு இருக்கும்போதே சொல்கிறேன். நடை நின்றால் மகளிடம் இருப்பேன். விழுங்க முடியாமல் போனால் வாயை நனைத்தால் போதும், ஊற்றாதீர்கள். எனக்கு நினைவு தப்பினால் மூத்தவன் சொல்வதுதான் முடிவு. யாரும் அவனோடு மல்லுக்கு நிற்கக் கூடாது."

"ஐயோ அம்மா, இன்றைக்குப் போய் இதையா..." என்று இளையவன் காதுகளைப் பொத்திக்கொண்டான்.

அவள் எழுந்துபோய் அவன் கைகளை இழுத்து விலக்கிவிட்டு, முதல் வார்த்தையிலிருந்து மறுபடியும் சொன்னாள்.

நீதி இதுதான்: தன் கடைசிக் காலத்தைத் தன் வாயால் சொல்லிவைக்காதவன், தன்மேல் அன்பு வைத்தவர்களின் ஊகத்தில் சிக்கித் தவிப்பான்.