முதலாளி காரில் நாலு கிலோ

பட்டறையில் செல்வநாயகி ஒருத்திதான் பெண் மெக்கானிக். வேலையைத் தவிர யாரும் அவளிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. ஒருநாள் முதலாளி தேவசிகாமணி தன் பந்தயக் காரை நிறுத்தி, எல்லோரும் பார்க்க அவளைக் கூப்பிட்டார்.

"இன்ஜின், கியர்பாக்ஸைத் திறக்கக் கூடாது. ஆனா இன்ஜின்லிருந்து சக்கரம் வரைக்கும் சுத்தற பாகத்துல நாலு கிலோ குறையோணும், அப்பத்தான் வண்டி சட்டுன்னு கிளம்பும். இல்லீன்னா நாளைக்கு வேலைக்கு வராதே அம்மிணி."

ஆட்கள் சிரித்தார்கள். அவளோ நாலு சக்கரத்தின் பித்தளை மூடிகளையும் கழற்றித் தராசில் வைத்தாள். சரியாக நாலு கிலோ.

"அடியே, அதுல என் பேரு பொறிச்சிருக்குது!"

"ஆமாங்க. அதையுஞ் சேர்த்துத்தானுங்க வண்டி இத்தனை நாளாச் சுத்துச்சு."

சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. ஓட்டிப் பார்த்தார், கார் கிளம்பும்போதே முன்னைவிட வேகமாகத் துள்ளிப் பாய்ந்தது. ஆட்கள் கூவிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. வேலை நிலைத்ததே என்று அடுத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தாள்.