சிட்டம்மாவுக்குப் பிடிச்ச வெண்ணெய்

ஒரு மலை, மலைக்குக் கீழ ஒரு ஊரு, அந்த ஊர்ல சிட்டம்மா சிட்டம்மான்னு ஒருத்தி இருந்தா. அவ புருஷன் பேரு வேலாண்டி. வீட்டுல ஒரு பசு இருந்துச்சு, மைனான்னு ஒரு எருமையும் இருந்துச்சு. எருமைக்கு எதுக்கு மைனான்னு பேருன்னு கேக்காதீங்க, வளத்தவளுக்குப் பிடிச்ச பேரை வச்சா, அவ்வளவுதான்.

வேலாண்டிக்குப் பசு வெண்ணெய்தான் வேணும். கடைஞ்ச உடனே மஞ்சளா மெதுமெதுன்னு இருக்கும் பாருங்க, அதுல நாட்டுச் சக்கரையைத் தூவித் தின்பான். சிட்டம்மாவுக்கு அது தொண்டையில இறங்காது. அவளுக்கு எருமை வெண்ணெய். தயிரை இன்னும் ஒரு பொழுது புளிக்க விட்டுக் கடைஞ்சு, வெள்ளை வெளேர்னு கெட்டியா உருட்டி, ரெண்டு கல்லு உப்பைப் பொடிச்சுப் போட்டு, கம்மஞ்சோத்துக்கு நடுவுல குழி பண்ணி வச்சுத் தின்னாத்தான் அவளுக்குத் தின்ன மாதிரி இருக்கும். "புளிச்சதைப் போயி திங்கிறியேடி"ம்பான் அவன். "உங்க வெண்ணெயை எறும்புக்குப் போடுங்க"ம்பா இவ. அப்புறம் அவங்கவங்க வெண்ணெயை அவங்கவங்க தின்னுட்டு வேலையைப் பாக்கப் போயிடுவாங்க. சண்டை அதோட சரி.

இப்படி இருக்கையில அந்த நாட்டு ராசா வேட்டைக்கு வந்தாரு. மான் ஒண்ணும் ஆப்படலை, பசிதான் ஆப்பட்டுச்சு. பசியோட மணியக்காரன் உடையப்பன் வீட்டுக்குப் போனாரு. மணியக்காரன்னா ஊருக்குப் பெரியவன், ராசா சொல்றதை ஊர்ல நடத்தி வைக்கிறவன். அவன் வாழை இலையில பசு வெண்ணெயும் சக்கரையும் வச்சான். பசியில தின்னா எதுதான் ருசிக்காது? ராசா தின்னாரு, கண்ணை மூடினாரு, "உடையப்பா, இதை விட்டா வேற வெண்ணெயே கிடையாதுய்யா"ன்னாரு.

உடையப்பன் ராசா காதோரமா போயி, "ஆனா இந்த சனங்க எருமை வெண்ணெயில உப்பைப் போட்டுத் திங்குதுங்க ராசா"ன்னான். அவனுக்கு ஊர் எருமை பூராத்து மேலயும் ரொம்ப நாளாவே ஒரு கண்ணு.

ராசாவுக்கு மூக்குக்கு மேல கோவம். அப்பவே தண்டோரா போட்டாச்சு. என்னன்னு? இனிமே எல்லாரும் பசு வெண்ணெயில சக்கரை தொட்டுத்தான் திங்கணும். தின்னா மட்டும் பத்தாது, பிடிச்சிருக்குன்னும் சொல்லணும். நாட்டுல இருக்கிற எருமையை எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் விரட்டிடணும். அந்த ஊர்ல விரட்டுற பொறுப்பு யாருக்கு? உடையப்பனுக்குத்தான், வேற யாருக்கு.

உடையப்பன் ஆளுங்க வந்தாங்க, மைனாவை அவுத்தாங்க. சிட்டம்மா கயித்தை விடாம தெருமுனை வரைக்கும் இழுபட்டுக்கிட்டே போனா. கை தோல் உரிஞ்சுதே தவிர எருமை நிக்கலை. அன்னிக்கு அவ அழுத அழுகை, பெத்த பொண்ணைப் பறிகொடுத்தாக்கூட அப்படி அழ மாட்டாங்க.

அப்புறம் உடையப்பன் வீடு வீடா வந்தான். "தின்னு, சொல்லு"ன்னான். பக்கத்து வீட்டுக்காரி தின்னா, பிடிச்சிருக்குன்னா. எதுத்த வீட்டுக்காரன் தின்னான், பிடிச்சிருக்குன்னான். பயம், பாவம். சிட்டம்மாவும் தின்னா, வாயைத் தொடச்சுக்கிட்டு, "பிடிக்கலைங்க மணியக்காரரே"ன்னா.

"ராசா உத்தரவு, தெரியுமில்ல?"

"தின்னச் சொன்னாரு, தின்னுட்டேன். பிடிக்கலையே, நான் என்ன செய்யட்டும்?"

பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி ராசா முன்னால நிறுத்திட்டாங்க. வேலாண்டி பின்னாலயே ஓடி வந்தான். "ஒரு வார்த்தை பிடிச்சிருக்குன்னு சொல்லித் தொலையேன்டி, வீட்டுக்குப் போவலாம்"னு கெஞ்சினான். அவ சொல்லலை.

ராசா கேட்டாரு, "ஏம்மா, உன் புருஷனுக்கு எந்த வெண்ணெய் பிடிக்கும்?"

"நீங்க திங்கிற அதே வெண்ணெய்தாங்க ராசா. அதுக்காக அவரு என் எருமையை விரட்டலை, நானும் அவரு பசுவை விரட்டலை. ஒரே அடுப்படியில உக்காந்து தின்னுட்டுத்தான் இருந்தோம்."

ராசாவுக்குச் சுருக்குனு பட்டுச்சு. ஆனா ராசாவாச்சே, ஒத்துப்பாரா? "எங்க அரண்மனைச் சமையல் உனக்குத் தெரியாது. இங்கயே இரு. உன் வாயால பிடிச்சிருக்குன்னு சொல்ல வச்சுக் காட்டுறேன்"னாரு. சிட்டம்மாவும், "ஆகட்டுங்க"ன்னு முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு உக்காந்துட்டா.

முதல் நாள் பசு வெண்ணெயை ஒண்ணுமே கலக்காம வெறுசா வச்சுக் குடுத்தாங்க. ராசா பக்கத்துல வந்து உக்காந்து, "பிடிச்சிருக்கா?"ன்னாரு. "பிடிக்கலைங்க ராசா."

மறுநாள் மலைத்தேனை ஊத்திக் குடுத்தாங்க. "பிடிச்சிருக்கா?" "பிடிக்கலைங்க ராசா."

அதுக்கு மறுநாள் ஏலக்காயும் சக்கரையும் போட்டு, வெள்ளித் தட்டுல, மல்லியப்பூ வச்சுக் குடுத்தாங்க. "பிடிச்சிருக்கா?" "தட்டு நல்லா இருக்குங்க. வெண்ணெய் பிடிக்கலைங்க ராசா."

ராசாவுக்குத் தூக்கம் போச்சு. நாட்டுல அத்தனை பேரும் பிடிச்சிருக்குன்னு சொல்லியாச்சு, இவ ஒருத்தி சொல்ல மாட்டேங்குறா. கடைசியில தன் ஆசனத்தை விட்டு எறங்கி வந்து, "இந்தாம்மா, பொய்யாவாவது சொல்லு. உன் எருமையை எந்த தேசத்துல இருந்தாலும் தேடிக் கொண்டாரச் சொல்றேன்"னாரு.

சிட்டம்மாவுக்கு மைனா முகம் கண்ணுக்குள்ள வந்து நின்னுச்சு. ஒரு வார்த்தைதானே. நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்க, நானாயிருந்தாலும் சொல்லியிருப்பேன். அவ கண்ணைத் தொடச்சிக்கிட்டு, "நான் பொய் சொல்லி என் எருமை மட்டும் வீட்டுக்கு வந்தா, ஊர்ல மத்தவங்க எருமை? அப்படியே வந்தாலும் அது வெண்ணெயை நான் திங்கக் கூடாதே. வேணாங்க. பிடிக்கலைங்க ராசா"ன்னா.

ராசா யோசிச்சாரு. உடையப்பன் வீட்டு வெண்ணெய் மாதிரி அரண்மனை வெண்ணெய் இல்லை போலிருக்குன்னு அவருக்குத் தோணிச்சு. "அன்னிக்கு நான் தின்னேனே, அதே பசு வெண்ணெய் ஒரு பானை கொண்டா"ன்னு உடையப்பனுக்கு ஆள் அனுப்பினாரு.

உடையப்பன் வீட்டுக்கும் கொட்டகைக்குமா ஓடினான். ஏன்னு கேளுங்க. அவன் எருமையை எல்லைக்கு அந்தப் பக்கம் விரட்டவே இல்லை. மலை இடுக்குல பட்டி போட்டு அத்தனையையும் அடைச்சு வச்சிருந்தான், களவாணிப் பய. இருந்த தீவனத்தை எல்லாம் எருமைக்கே போட்டு, பாலும் நெய்யுமா தின்னு கொழுத்துக்கிட்டு இருந்தான். அவன் வீட்டுப் பசுங்க பட்டினியில மடி வத்தி நின்னுச்சு. இப்ப ஒரு பானை பசு வெண்ணெய்க்கு எங்க போவான்? வெண்ணெய்னா எல்லாம் வெண்ணெய்தானே, நிறம்தானே வேறன்னு நினைச்சான். எருமை வெண்ணெயில மஞ்சப்பொடியைப் போட்டுப் பிசைஞ்சான் பிசைஞ்சான், மஞ்சமஞ்சேர்னு வர வரைக்கும் பிசைஞ்சான். வண்டியில வச்சு வெயில்ல கொண்டு வந்து சேக்குறதுக்குள்ள அது லேசா புளிச்சும் போச்சு.

சபை கூடிச்சு. பானையைத் திறந்தாங்க. ராசா ஒரு விரல் எடுத்து வாயில வச்சுக்கிட்டு, "பலே உடையப்பா, இதுதான்யா வெண்ணெய்"ன்னாரு. மந்திரியும் பலேன்னாரு. அப்புறம் சிட்டம்மாகிட்ட நீட்டினாங்க.

அவ கொஞ்சமா எடுத்து நாக்குல வச்சா. வச்சவ அப்படியே நின்னுட்டா. இன்னும் கொஞ்சம் எடுத்தா. இன்னும் கொஞ்சம் எடுத்தா.

"பிடிச்சிருக்கா?"ன்னாரு ராசா.

"பிடிச்சிருக்குங்க ராசா"ன்னா அவ. "ரெண்டு கல்லு உப்பு இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

சபையில ஒரே ஆரவாரம். ராசா மீசையை முறுக்கினாரு. சிட்டம்மா கையைத் தூக்கினா. "இருங்க ராசா. இத்தனை நாளும் பிடிக்கலைன்னு சொன்னேனே, அது பொய்யா மெய்யா?"

"மெய்தான்மா. எருமையைத் தரேன்னு சொல்லிக்கூட நீ பொய் சொல்லலையே."

"அப்ப இதுவும் மெய். இது எனக்குப் பிடிச்சிருக்குன்னா இது பசு வெண்ணெய் இல்லை. எருமை வெண்ணெய். உருக்கிப் பாருங்க."

உடையப்பன், "எருமையெல்லாம் எல்லை தாண்டிப் போயாச்சே, எங்க இருந்து வரும்?"னான். சொல்லும்போதே நாக்கு குழறிச்சு. அடுப்பை மூட்டினாங்க, சட்டியில போட்டு உருக்கினாங்க, நெய்யை மேலாக வடிச்சாங்க. பாத்தா, அடியில மஞ்சப்பொடி வண்டல் மாதிரி படிஞ்சு கிடக்குது.

"ஏன்டா உடையப்பா, உன் வீட்டுப் பசு மஞ்சப்பொடியா கறக்குது?"ன்னாரு ராசா.

அவ்வளவுதான், தொபுக்கடீர்னு கால்ல விழுந்து பட்டி, மலை, எருமை எல்லாத்தையும் கக்கிட்டான். ராசாவுக்கு அவன் மேல வந்த கோவத்தை விடத் தன் மேல வந்த வெக்கம் பெருசு. எந்த வெண்ணெயை ஆகாதுன்னு சொன்னாரோ, அதைத்தானே இப்ப எல்லார் முன்னாலயும் சப்புக்கொட்டித் தின்னாரு. உத்தரவை அந்த இடத்துலயே வாபஸ் வாங்கிட்டாரு.

உடையப்பனுக்கு என்ன தண்டனைன்னு கேக்குறீங்களா? ராசா அதைச் சிட்டம்மாகிட்டயே விட்டுட்டாரு. அவ சொன்னா, "ஒவ்வொரு எருமையையும் இவரே கயித்தைப் பிடிச்சு அதது வீட்டுல கொண்டு போயி விடட்டும். அந்தந்த வீட்டுல அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி வெண்ணெய் குடுப்பாங்க. தின்னுட்டு, பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டு வரட்டும்."

போனான். ஒரு வீட்டுல மிளகு போட்டுக் குடுத்தாங்க, தின்னான். ஒரு வீட்டுல பச்சை மிளகா வச்சுக் குடுத்தாங்க, தின்னான். ஒரு வீட்டுல பூண்டை நசுக்கிப் பிசைஞ்சு குடுத்தாங்க, அதையும் தின்னான். தின்னுட்டு, கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த, பிடிச்சிருக்கு பிடிச்சிருக்குன்னான். வயித்தால போயி போயி, கடைசித் தெருவுக்கு எருமைதான் அவனை இழுத்துக்கிட்டுப் போச்சு. சிரிங்க, நல்லா சிரிங்க, அவனுக்கு வேணும்.

சிட்டம்மா ஊருக்குக் கிளம்பினா. ராசா வாசல் வரைக்கும் வந்து, யாருக்கும் கேக்காம மெதுவா, "இப்ப உத்தரவும் இல்லை, ஒண்ணும் இல்லை. உண்மையைச் சொல்லும்மா, எங்க சக்கரை வெண்ணெய் ஒரு துளியாவது பிடிச்சுதா?"ன்னாரு.

அவ கும்பிட்டா. "பிடிக்கலைங்க ராசா."

ராசா விழுந்து விழுந்து சிரிச்சாரு. நாடு பூரா தனக்குச் சொன்ன பொய்யைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவருக்கு அந்த ஒரு மெய் அவ்வளவு இனிப்பா இருந்துச்சு.

அடுத்தவன் நாக்குல போயி யாரும் ஆட்சி பண்ண முடியாது, தெரிஞ்சுதா? மோரு கடைஞ்சாச்சு, வெண்ணெய் திரண்டாச்சு, கதையும் தீந்தாச்சு, எல்லாரும் போயிப் படுங்க.