பொய்யாக விழுந்தவர்

தீத்தாரப்பனுக்கு ஐம்பத்தொரு வயது. அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். ஆற்றங்கரை மடத்துச் சாமியம்மாவுக்கு அவரைவிட ஏழெட்டு வயது குறைவு. ஆனாலும் மூன்று வருஷமாக அவர்தான் இவருக்குக் குரு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் தீத்தாரப்பன் மடத்துக்கு வந்துவிடுவார். மணல் முற்றத்தைப் பெருக்குவார். கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்புவார். மற்றவர்கள் கேட்பதையும் சாமியம்மா சொல்வதையும் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்வார். தானாக ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

அன்று எல்லோரும் போன பிறகு கேட்டார்.

"அம்மா, ஒரு ஆசையை விடணும். எப்படி விடுறது?"

"என்ன ஆசை, அண்ணாச்சி?"

"சொல்லவே கூச்சமா இருக்கு."

"கூச்சப்பட்டுக்கிட்டே சொல்லுங்க."

தீத்தாரப்பன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். காய்த்துப்போன, அகலமான கைகள்.

அவருக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவள் முத்துப்பேச்சி. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எடை ஒன்றே கால் கிலோ. முப்பத்தெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். முதன்முதலாக அவர் கையில் பிள்ளையைக் கொடுத்த நர்ஸ், "பாத்து, மெதுவா" என்றாள். அந்த இரண்டு வார்த்தையை அவர் இன்றுவரை மறக்கவில்லை; பிள்ளையை அப்படியேதான் தொடுவார். அவர் மனைவி வடிவும் அப்படித்தான். பிள்ளைக்குத் தலை சீவும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

இப்போது முத்துப்பேச்சிக்கு ஆறு வயது. பார்க்கிறவர்கள் மூன்று என்பார்கள். நோய் ஒன்றும் இல்லை, உடல்வாகு அப்படி, மற்றப் பிள்ளைகள் மாதிரி ஓடி ஆடட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தீத்தாரப்பன் காதில் 'உடல்வாகு அப்படி' என்றதுதான் விழுந்தது; ஓடி ஆடட்டும் என்றது விழவில்லை.

"பக்கத்து வீட்டுச் சுடலை, வேலைவிட்டு வந்ததும் அவன் மகளைத் தூக்கி மேல எறிவான், அம்மா. அது கூப்பாடு போடும். பிடிச்சு, குப்புறப் போட்டு, வைக்கோல்ல உருட்டுவான். அது எந்திரிச்சு வந்து அவன் முதுகுல குத்தும். நாலு வயசுதான். எம்மகளைவிட ஒரு சாண் உசரம். நான் சன்னல்ல நின்னு பாப்பேன். என் கை தானா அசையும்."

"அப்புறம்?"

"சன்னலைச் சாத்திருவேன்."

சாமியம்மா அவர் கைகளைப் பார்த்தார்.

"உங்க மகளுக்கும் அந்த ஆசை உண்டா?"

"அவளுக்கா? இல்லம்மா. வச்ச இடத்துல இருப்பா. ஒரு சேட்டை கிடையாது."

"அடுத்த வாரம் கூட்டிக்கிட்டு வாங்க."

அடுத்த ஞாயிறு மகளைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். நிழல் பார்த்துத் துண்டை விரித்து உட்காரவைத்தார். அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அவர் தண்ணீர் இறைக்கப் போனார்.

சாமியம்மா இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"பேரென்ன?"

"முத்துப்பேச்சி."

"ஓடி விளையாடலையா? மணல் சும்மாதானே கிடக்கு."

பிள்ளை கிணற்றுப் பக்கம் பார்த்தாள். "வேண்டாம்."

"பிடிக்காதா?"

முத்துப்பேச்சி முன்னால் சாய்ந்து சாமியம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். சொல்லி முடிக்க நேரமானது. சாமியம்மா தலையசைத்துவிட்டு எழுந்து கிணற்றடிக்கு வந்தார்.

"என்னம்மா சொல்லுதா?"

"அப்பாவுக்கு ஏதோ சீக்கு இருக்காம். அவளைத் தூக்கும்போது உங்க கை நடுங்குதாம். அவ துள்ளினா உங்களுக்கு வலிக்குமாம். அதனால துள்ளக் கூடாதுன்னு இருக்காளாம்."

கயிறு அவர் கையை விட்டு வழுக்கியது. வாளி கிணற்றுக்குள் போய்விட்டது.

"ஆசையை எப்படி விடுறதுன்னு கேட்டீங்கல்ல, அண்ணாச்சி. விட்டவ உங்க வீட்டுலயே இருக்கா. அவகிட்டக் கேட்டுக்கலாம்."

தீத்தாரப்பன் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். பிறகு நடந்து போய் மகள் முன்னால் மண்டியிட்டார்.

"ஏ மக்கா. அப்பாவுக்குச் சீக்கு ஒண்ணும் இல்ல."

"கை நடுங்குதே."

"அது பயம்."

"என்ன பயம்?"

"வா. வந்து அப்பாவைத் தள்ளு பாப்போம்," என்றார்.

அவள் தயங்கி எழுந்து வந்தாள். இரண்டு கைகளையும் அவர் நெஞ்சில் வைத்தாள். உடனே அவர் மல்லாக்க விழுந்தார்.

"ஐயோ, அப்பா விழுந்துட்டேனே!"

பிள்ளை சிரிக்கவில்லை. உதடு பிதுங்கியது.

"பொய். பொய்யா விழுந்தீங்க."

"இல்ல மக்கா..."

"நான் தள்ளவே இல்ல. தொட்டேன்."

திரும்பிப் போய்த் துண்டில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வரும் என்பதே தீத்தாரப்பனுக்கு அன்றுதான் தெரிந்தது. எழுந்து மறுபடி மண்டியிட்டுச் சாமியம்மாவைப் பார்த்தார். சாமியம்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை வா. இப்ப விழ மாட்டேன்."

"நிசமா?"

"நிசமா."

முத்துப்பேச்சி எழுந்து பின்பக்கமாகவே நடந்து போனாள். தூரத்திலிருந்து ஓடி வந்து தலையால் அவர் நெஞ்சில் முட்டினாள். அவர் விழவில்லை. அவள் காலை மணலில் ஊன்றி, பல்லைக் கடித்து, முனகி முனகித் தள்ளினாள். முகம் சிவந்தது. நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றி இறக்குகிற மனிதர், அந்தச் சின்ன உடம்பின் முழுப் பாரத்தையும் முதன்முதலாகத் தன் நெஞ்சில் உணர்ந்தார். பாரம் இருந்தது.

தோளில் கை வைத்துத் திருப்பித் தள்ளினார். கொஞ்சம்தான். அவள் பின்னால் போய், உருண்டு, குப்புற விழுந்தாள்.

தீத்தாரப்பன் அலறிக்கொண்டு எழுந்தார்.

"அண்ணாச்சி," என்றார் சாமியம்மா. தீத்தாரப்பன் நின்றுவிட்டார்.

பிள்ளை அப்படியே கிடந்தாள். பிறகு தலையைத் தூக்கினாள். வாயெல்லாம் மணல், புருவமெல்லாம் மணல். துப்பினாள். அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றுதான் அவர் நினைத்தார். அழுகை இல்லை. ஆறு வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவர் கேட்டதே இல்லை.

"நீங்க தள்ளுனீங்க!"

"ஆமா."

"நிசமாவே தள்ளுனீங்க!"

மறுபடி ஓடி வந்தாள்.

அதன் பிறகு எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. முதுகில் ஏறினாள். முடியைப் பிடித்து இழுத்தாள். அவர் அவளைக் கவிழ்த்துப்போட்டு மணலில் உருட்டினார். தூக்கி மேலே எறிந்தார். முதலில் ஒரு சாண். அவள் "இன்னும்" என்றாள். ஒரு முழம். ஒவ்வொரு தடவையும் பிடித்தார். ஒருமுறை அவள் தலை அவர் வாயில் மோதி உதடு கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அவள் நின்றாள். அவர் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"விட்டுரவா?"

"வேண்டாம்."

வெயில் தணிந்தபோது அவர் மணலில் மல்லாந்து கிடந்தார். முத்துப்பேச்சி அவர் நெஞ்சில் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டிருந்தாள். அவர் மூச்சோடு ஏறி இறங்கினாள். அவர் கண்ணீர் இரு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"ஆறு வருஷம், அம்மா," என்றார்.

சாமியம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்பவும் நடுங்குதும்மா. எவ்வளவு பலம் போடலாம்னு அளவு தெரியல. கொஞ்சம் கூடிப்போச்சுன்னா?"

சாமியம்மா தன் இடது முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"எங்கப்பாவும் எந்தம்பியும் தினம் சாயங்காலம் மல்லுக்கட்டுவாங்க. வீடே அதிரும். நான் இந்தக் காலை நீட்டிக்கிட்டுப் படியில உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன். என்னைத் தூக்கும்போது மட்டும் அவருக்கு மூச்சுச் சத்தம்கூடக் கேக்காது. அவ்வளவு மெதுவாத் தூக்குவார்."

"நல்ல அப்பா."

"நல்ல அப்பாதான். போய்ப் பத்தொன்பது வருஷம் ஆச்சு."

சாமியம்மா தூங்குகிற பிள்ளையைப் பார்த்தார்.

"அவர் கையில எவ்வளவு பலம் இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, அண்ணாச்சி."