வேறு யாரும் இல்லை என்ற வெளிமான்

மானுக்கும் வண்டுக்கும் மனிதரோடு பேச வாய் இருந்த அந்தக் காலத்தில், ஒரு பொட்டல்காட்டின் நடுவே ஒரே ஒரு குட்டை இருந்தது. அதில் நீர்வண்டுகள் குடியிருந்தன. வெளிமான்கள் அங்கே வந்து தண்ணீர் குடித்தன. வேடன் நடந்து வந்தால் கரை அதிரும். அந்த அதிர்வு முதலில் வண்டுக்குத்தான் தெரியும். உடனே மானிடம் சொல்லிவிடும். மான் ஒருநாளும் அதற்கு நன்றி சொன்னதில்லை.

ஒரு வருஷம் ஊரார் அந்தக் குட்டையை மண் போட்டு மூடி வயலாக்க முடிவு செய்தார்கள். பொது இடத்தை எடுக்கும்போது, பங்குள்ளவர் உண்டா என்று ஊர்ப்பெரியவர் மூன்று முறை கேட்க வேண்டும். வந்து சொன்னவருக்கு ஒதுக்கிய பிறகுதான் மண்வெட்டி இறங்கும்.

வண்டுக்குத் துடுப்புக் கால். அந்தக் காலத்தில் அதற்குப் பறக்கத் தெரியாது, ஊர் வரைக்கும் தரையில் தவழவும் முடியாது. அது மானிடம் சொல்லி அனுப்பியது.

"அண்ணே, என் பேரையும் சேத்துச் சொல்லிடுங்க. ஒரு ஓரம் போதும்."

"உன் பேரு என்ன பாரமா, என் கொம்பு ஒடிஞ்சா போகப்போகுது" என்று மான் சிரித்துவிட்டுப் போனது.

பெரியவர் செங்கோடன் முதல் முறை கேட்டதும் மான் தன் பெயரைச் சொன்னது. இரண்டாம் முறை கேட்டார். மான் வாய் திறக்கப் போனது. அதற்குள் கூட்டத்தில் ஒருவர், பங்கு ஒருவருக்கு என்றால் ஒரு கல்தொட்டி நிறையத் தண்ணீர், இருவருக்கு என்றால் பாதிப் பாதி என்றார். மான் வாயை மூடிக்கொண்டது. மூன்றாம் முறை கேட்டார்.

"வேறு யாரும் இல்லை" என்றது மான்.

மறுநாள், வண்டுகள் நீந்திக்கொண்டிருக்கும்போதே மண் விழுந்தது. வழிந்தோடிய தண்ணீரோடு ஏழெட்டு வண்டுகள் பக்கத்துப் பள்ளத்தில் போய் ஒதுங்கின. மற்றவை அடியிலேயே புதைந்தன.

மானுக்கு ஊரோரம் கல்தொட்டி வைத்தார்கள். வேடர்களுக்கு இனி மானைத் தேடி அலையும் வேலை இல்லை. முதல் வாரம் அதன் குட்டி தொட்டியோரம் அம்பு பட்டுச் செத்தது. அடுத்த வாரம் அதன் ஜோடிப் பெண்மானும் செத்தது. மான் பள்ளத்துக்கு ஓடி, முன்போல் எச்சரிக்கச் சொல்லி வண்டிடம் கெஞ்சியது.

"பங்கு கேட்டப்ப நான் இல்லையே. இப்ப மட்டும் எங்கிருந்து வருவேன்?" என்றது வண்டு. அதன்பின் அது யாரிடமும் பேசவில்லை.

அதனால்தான் வெளிமான் மிடறுக்கு மிடறு தலை தூக்கிப் பார்க்கிறது. வண்டின் கண்ணும் இரண்டாகப் பிளந்துபோனது. மேல்கண் மண்கூடை வருகிறதா என்று பார்க்கிறது, கீழ்க்கண் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறது. இரண்டு இனமும் இன்று அழிந்துகொண்டுதான் வருகின்றன. ஆனால் அன்று பங்கில் பேர் ஏறியதால், மான் குறைந்தால் ஊர் எண்ணிப் பார்க்கிறது. வண்டு குறைந்தால், அங்கே வண்டு இருந்ததே ஊருக்குத் தெரிவதில்லை.